இறந்த பின் கேட்கும் கேள்விகளை இருமும்போதே கேட்போம்

பெறுநர்:
தமிழ்நாடு அரசு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறைச் செயலாளர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை இயக்குநர் அவர்கள்,
ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறை இயக்குநர் அவர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

வடமாவட்டம் ஒன்றின் மலைப்பகுதியில் கிராம சுகாதார செவிலியராகவும், பின்னர் பகுதி சுகாதார செவிலியராகவும் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வரும் கடும் நிமோனியாவைப் பற்றி இந்த மடலை எழுதுகிறேன். சளி பிடித்த குழந்தைகளில் எது தேறிவிடும், எது மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போகும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய விவரங்கள் நம் பதிவேடுகளிலேயே இருக்கின்றன. குழந்தை இருமிக்கொண்டு நம் முன் வந்து நிற்கும் நாளில் மட்டும் அவற்றை நாம் எடுத்துப் பார்ப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைக்க வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

நான் ஓய்வுபெறுவதற்கு ஓராண்டுக்கு முன், ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், ஏழு மாதக் குழந்தையோடு ஒரு தாய் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தாள். மூன்று நாளாகச் சளி, காய்ச்சல் இல்லை, பாலை முன்போல் இழுத்துக் குடிப்பதில்லை என்றாள். குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுவெட்டர்கள் போட்டிருந்தார்கள். குழந்தை தாய்மடியில் அசந்திருந்த நேரம் பார்த்து, வயிற்றுப் பக்கம் மட்டும் துணியை மேலே தூக்கிவிட்டு, டைமரைத் தட்டி வைத்து, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினேன். 46 வந்தது. இரண்டு மாதத்திலிருந்து ஓராண்டு நிறையும் வரை நிமிடத்துக்கு 50 மூச்சு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் வேக மூச்சு என்பது எங்களுக்குப் பயிற்றுவிக்கப்பட்ட கணக்கு. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டுக்கு மேல் ஐந்தாண்டு வரை 40. விலா எலும்புக்குக் கீழே மார்பு உள்வாங்குகிறதா என்றும் பார்த்தேன், தெரியவில்லை. 'இருமல், சளி, நிமோனியா இல்லை' என்று பதிவேட்டில் எழுதி, தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கச் சொல்லி, மூச்சு இளைத்தால் உடனே வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழிந்தது. குழந்தை கண் திறக்கவில்லை, பால் எடுக்கவில்லை என்று ஆள் வந்து சொன்னபோது மாலை மணி நாலு. வண்டி ஏறமுடியாத தடம் என்பதால் தார்ச்சாலை வரை தூளி கட்டித் தூக்கி வந்து 108 ஊர்தியில் ஏற்றினோம். மருத்துவமனையில் சுவெட்டர்களைக் கழற்றிய மருத்துவர், ஆக்சிஜன் குழாயைப் பொருத்தச் சொல்லிவிட்டு, புயச் சுற்றளவை அளக்கும் மூவண்ண நாடாவை அந்தக் கையில் சுற்றினார். 10.8 செ.மீ. 11.5-க்குக் கீழே போனாலே நாடாவில் சிவப்பு, அதாவது கடும் ஊட்டக்குறைவு. நான் மூச்சை எண்ணிய நேரத்தில் என் கைக்கு அருகிலேயே இருந்த கை அது; கம்பளிக்குள் இருந்தது, நான் வெளியே எடுத்துப் பார்க்கவில்லை. விடிவதற்குள் குழந்தை இறந்துவிட்டது.

அடுத்த வாரம் குழந்தை இறப்பு ஆய்வுப் படிவத்தை நிரப்ப அதே வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். பிறந்தபோது எடை என்ன? 1.9 கிலோ. எத்தனை மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தார்கள்? ஒரு மாதம் கூட இல்லை. பால் ஊறவில்லை என்று புட்டிப்பாலுக்கு மாறியிருந்தார்கள். தடுப்பூசி? கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்குக் குடும்பமாகப் பிழைக்கப் போனதில் 14-ஆவது வார ஊசி தவறியிருந்தது. வளர்ச்சி? அங்கன்வாடி அட்டையில் எடைக்கோடு இரண்டு மாதமாகக் கீழே இறங்கியிருந்தது. இந்த விடைகளில் ஒன்றுகூட எனக்குப் புதிதாகக் கிடைத்ததில்லை. பிறப்பு எடை, கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் பதியும் அரசின் பிக்மி இணையப் பதிவில், ஊசி விவரம் என்னுடைய சொந்தப் பதிவேட்டில், வளர்ச்சிக்கோடு பத்து வீடு தள்ளியிருந்த அங்கன்வாடியில் என எல்லாம் எழுதப்பட்டே இருந்தன. உயிரோடு இருந்த குழந்தையின் பெயருக்கு எதிரே நான் எழுதியது வயது, மூச்சு எண்ணிக்கை, 'நிமோனியா இல்லை' என்ற முடிவு ஆகிய மூன்று மட்டுமே. இறந்த குழந்தையைப் பற்றித்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

நோயுற்று வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் எடையும் ஊட்டமும் பார்க்கவேண்டும் என்று குழந்தை நோய் மேலாண்மைப் பயிற்சியின் விளக்கப்படத்தில் தெளிவாகவே இருக்கிறது என்று துறை எனக்குப் பதில் சொல்லலாம். உண்மைதான். அந்தப் பயிற்சியை நானும் பெற்றேன், பிறருக்கு அளித்தும் இருக்கிறேன். ஆனால் தடுப்பூசி நாளில், வெளியே முப்பது பேர் காத்திருக்க, எடை எந்திரம் ஒரு கட்டடத்திலும் நாடா இன்னொரு கட்டடத்திலும் இருக்கும் நிலையில், பதிவேட்டில் எந்தக் கட்டம் அச்சிடப்பட்டிருக்கிறதோ அதுதான் நிரப்பப்படும். என் தவறை நான் மறைக்கவில்லை. அந்தத் தவறைச் சுலபமாகச் செய்துவிடும்படி பதிவேடு அமைந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஊட்டக்குறைவை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நோஞ்சான் குழந்தைக்கு நிமோனியா எளிதில் வரும், வந்தால் முற்றும் என்பது பலருக்கும் தெரியும். அந்தக் குழந்தையிடம் நிமோனியாவின் அடையாளங்களே மங்கிப்போகும் என்பதுதான் போதிய அளவு பேசப்படாதது. காய்ச்சலை எழுப்பக்கூட உடலில் தெம்பு இருக்காது. மூச்சை வேகமாக இழுக்க விலாத் தசைகளுக்கு வலு இருக்காது. எனவே எண்ணிக்கை 50-ஐத் தொடாமலே போகலாம், மார்பும் பளிச்சென்று உள்வாங்காமல் போகலாம். அதாவது, ஆபத்து மிகுந்த குழந்தையிடம்தான் நம் அளவுகோல் ஏமாந்துபோகிறது. நல்ல ஊட்டத்தில் இருக்கும் குழந்தைக்கு 46 என்பது ஆறுதலான எண். 10.8 செ.மீ. புயம் உள்ள குழந்தைக்கு அதே 46 எந்த ஆறுதலும் தருவதில்லை. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, அதாவது 2019–21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 14.6 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடையில்லாமல் மெலிந்தவர்கள். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். இவர்களைக் கண்டறியும் வேலையை அரசு செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 2022 மே மாதம் உதகையில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் வழியாக அங்கன்வாடி தோறும் எடையும் உயரமும் எடுத்துப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கப்பட்டது. அந்தப் பட்டியல் சத்துணவுப் பெட்டகம் வழங்கப் பயன்படுகிறது. இருமும் குழந்தையைப் பார்க்கும் செவிலியரின் மேசைக்கு வந்து சேர்வதில்லை. இரண்டும் இரண்டு துறை.

பிறப்பு எடையும் அப்படித்தான். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளும் மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகளும் முதலாண்டு முழுவதும் கவனத்துக்குரியவர்கள். அவர்களின் நுரையீரல் சிறியது, தாயிடமிருந்து வரவேண்டிய எதிர்ப்பாற்றலும் முழுமையாக வந்து சேர்ந்திருக்காது. பிறந்த முதல் ஆறு வாரம் வீடு தேடிப்போய்ப் பார்க்கிறோம். அதன்பின் அந்தக் குழந்தை மற்ற குழந்தைகளோடு குழந்தையாகக் கலந்துவிடுகிறது. ஏழாம் மாதத்தில் சளியோடு வரும்போது, 1.9 கிலோவில் பிறந்தது இது என்பது யார் நினைவிலும் இருப்பதில்லை.

தாய்ப்பாலைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அதே ஆய்வின்படி நம் மாநிலத்தில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுபவர்கள் 55.1 விழுக்காடு. ஏறக்குறைய எல்லாத் தாய்மார்களும் நம் கைகளின் வழியாகப் போகிறார்கள், ஆனாலும் பாதிக்குச் சற்று மேற்பட்ட குழந்தைகளுக்குத்தான் முழுமையான தாய்ப்பால் கிடைக்கிறது. 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை சிகிச்சை மூலம் நடப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். தையல் வலியோடு படுத்திருப்பவளால் ஒருக்களித்துக்கூடப் படுக்க முடியாது. அந்த முதல் இரண்டு நாட்களில் குழந்தையைத் தூக்கி மார்பில் வைத்துவிட ஓர் ஆள் இல்லையென்றால், சீம்பால் வீணாகிப் பால்மாவு டப்பா வீட்டுக்குள் வந்துவிடும். பிறகு அதை வெளியேற்றுவது எளிதன்று. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைக்கு நிமோனியாவால் இறக்கும் ஆபத்து மிகக் குறைவு. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்தக் காப்பு இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வார்டில் பால் புகட்ட உதவுவதற்கென்றே ஒரு செவிலியரை நியமிப்பது, என் மதிப்பீட்டில், நிமோனியா தடுப்புப் பணியேதான்.

பிறந்த குழந்தையின் நாவில் இனிப்புச் சேனை தொட்டு வைப்பது, கழுதைப்பால் புகட்டுவது, உரைமருந்து கொடுப்பது ஆகியவையும் உண்டு. இவற்றை எல்லாம் ஒரே தட்டில் வைத்துத் தாய்மாரைத் திட்டுவது என் வழக்கமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லி வந்திருக்கிறேன். குளிப்பாட்டும்போது சளியை எடுப்பதாக நினைத்து மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவார்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கிவிடும். அதனால் வரும் நிமோனியா மருந்துக்கு எளிதில் அடங்காது. குளித்தபின் தலை ஈரம் உலர்வதற்காகச் சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டுவதும், மூடிய அறையில் இரவு முழுதும் கொசுவர்த்திச் சுருள் எரிவதும் அந்த நுரையீரலுக்குத்தான் போய்ச்சேர்கின்றன. எந்தப் பாட்டியும் இவற்றைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பாட்டியை உட்காரவைத்து மரியாதையோடு பேசினால் கேட்டுக்கொள்வார். மருமகளிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தால் எதுவும் மாறாது.

அடுப்புப் புகை தனி விவகாரம். சமையலுக்குத் தூய எரிபொருள் பயன்படுத்தும் வீடுகள் மாநிலத்தில் 82.9 விழுக்காடு என்கிறது அதே ஆய்வு. மலையில் நான் பார்த்த வீடுகளில் சிலிண்டர் இருக்கும், மூலையில் துணி போர்த்தி, விருந்தாளி வந்தால் காப்பி வைப்பதற்காக. அன்றாடச் சமையலும் வெந்நீரும் விறகில்தான். குளிர்காலத்தில் கதகதப்புக்காகக் கைக்குழந்தையைப் படுக்கவைக்கும் இடமும் அடுப்படிதான். ஒரே அறை, அதில் ஏழெட்டுப் பேர், ஒருவருக்கு வந்த சளி மூன்றாம் நாள் எல்லோருக்கும், அப்பாவின் பீடி வேறு. இவற்றை ஒரு செவிலியரால் தீர்த்துவைக்க இயலாது. மலைக்கிராமங்களுக்கு உருளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவை யார் ஏற்பது என்று தீர்மானிக்க வேண்டியது அரசு. ஆனால், இந்தக் குழந்தை விறகுப் புகையில் வளர்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ள முடியும். தெரிந்தால் அதன் இருமலை வேறு விதமாகப் பார்ப்போம்.

தடுப்பூசியில் தமிழ்நாடு செய்திருப்பதை நான் பெருமையோடு சொல்வேன். நிமோனியாவை உண்டாக்கும் ஹிப் கிருமியையும் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலாகக் கேரளமும் நாமும்தான் தொடங்கினோம். நிமோனியாவின் இன்னொரு முக்கியக் கிருமியைத் தடுக்கும் நிமோகாக்கல் தடுப்பூசி 2021 ஜூலையில் நம் மாநிலத்தில் வழக்கமான அட்டவணையில் சேர்ந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை. ஒன்பதாவது மாதத்திலேயே தட்டம்மை ஊசியும் போடுகிறோம். தட்டம்மை கண்ட குழந்தைகளின் இறப்புக்குப் பெருங்காரணமே அதைத் தொடரும் நிமோனியா என்பதால், அது நிமோனியா ஊசியும்தான். அதே குடும்பநல ஆய்வின்படி, 12–23 மாதக் குழந்தைகளில் அடிப்படைத் தடுப்பூசிகளை முழுமையாகப் பெற்றவர்கள் 89.2 விழுக்காடு. எஞ்சிய பத்துச் சொச்சம் பேர் யார் என்பதுதான் கேள்வி. கரும்பு வெட்டவும் காப்பித் தோட்டத்துக்கும் குடும்பத்தோடு போகிறவர்களின் குழந்தைகள், திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் தொழிலாளர்களின் குழந்தைகள். ஊசி தவறும் குழந்தைதான் எடையிலும் குறைகிறது, அதுதான் தகரக்கொட்டகையில் புகைக்கு நடுவே தூங்குகிறது. ஆபத்துகள் தனித்தனியாகப் பல வீடுகளுக்குப் பிரிந்து போவதில்லை, ஒரே குழந்தையின் தலையில் வந்து குவிகின்றன. தவிர, இன்ஃப்ளுயன்சாவும் ஆர்.எஸ்.வி. எனப்படும் மூச்சுக்குழல் வைரசும் நம் அட்டவணை ஊசிகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. எல்லா ஊசியும் போட்ட குழந்தைதானே என்று அசட்டையாக இருக்கவும் முடியாது.

இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் குடிக்கும்போதே நெற்றி வியர்த்து, இரண்டு வாய் குடித்து நிறுத்தி மூச்சு வாங்கி, மறுபடி குடிக்கும் குழந்தைக்கு, ஆண்டில் மூன்றாம் முறையாக நெஞ்சுச்சளி என்றால், அது சளி மட்டும்தானா என்று கேட்கவேண்டும். பிறவிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட இடையீட்டு மையங்களும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கின்றன. மூன்று முறை என்று எண்ணிச் சொல்ல ஒரு பதிவுதான் இல்லை. ஒவ்வொரு முறையும் புதுப் பக்கத்தில் புதுப் பெயராகவே அந்தக் குழந்தை எழுதப்படுகிறது.

2014-இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை மாற்றி, மார்பு உள்வாங்கினாலும் மற்ற அபாய அறிகுறிகள் இல்லாத குழந்தையை அமாக்சிசிலின் வாய்வழி மருந்தோடு வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்றது. பால் குடிக்க இயலாமை, எல்லாவற்றையும் வாந்தியெடுத்தல், வலிப்பு, மயக்கம், அமைதியாக இருக்கும்போதே தொண்டையில் கரகரத்த இழுப்பு, கடும் ஊட்டக்குறைவு ஆகியவை இருந்தால்தான் மருத்துவமனை. இது ஏழைக் குடும்பங்களுக்கு நன்மை செய்த மாற்றம். கூலியை விட்டுவிட்டு ஐந்து நாள் வார்டில் கிடக்க எத்தனை தாய்மாரால் முடியும்? ஆனால் வீட்டுக்கு அனுப்பப்படும் குழந்தைகள் கூடக் கூட, யாரை அனுப்பலாம், யாரை அனுப்பக்கூடாது என்ற முடிவின் பொறுப்பும் கூடுகிறது. மூச்சு எண்ணிக்கையை மட்டும் வைத்து அந்த முடிவை எடுக்க முடியாது.

எனவே நான் கேட்பது இவ்வளவுதான். சளி, இருமல் பதிவேட்டில் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கு எதிரேயும் பிறப்பு எடை, இன்றைய புயச் சுற்றளவு, தாய்ப்பால் விவரம், நிலுவையிலுள்ள ஊசி, முன்பு இளைப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தது உண்டா என்ற கட்டங்களை அச்சிடுங்கள். ஏதேனும் ஒன்றில் குறையிருந்தால், மூச்சு எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், அந்தக் குழந்தையை மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீட்டில் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஆணையிடுங்கள். நாடா சிவப்பைக் காட்டினாலோ, குழந்தைக்கு இரண்டு மாதம் நிறையவில்லை என்றாலோ, மருத்துவ அலுவலர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் மாதத்துக்குள், அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதார செவிலியரும் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து இரு துறைப் பதிவேடுகளையும் ஒப்பிட்டு, அந்தந்த ஊரில் மழைக்காலம் முழுவதும் கண்வைக்க வேண்டிய குழந்தைகளின் பெயர்களை எழுதிக்கொள்ளட்டும். ஒரு துணை சுகாதார நிலையத்தில் அது ஓர் ஒற்றைத் தாளில் அடங்கிவிடும்.

கருவியைப் பற்றியும் சொல்லவேண்டும். குழந்தைகளின் நிமோனியா இறப்பைக் குறைக்க 2019-இல் ஒன்றிய அரசு தொடங்கிய சான்ஸ் இயக்கம், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரை அடிநிலை வரை கொண்டுசெல்லச் சொன்னது. கொரோனாவுக்குப் பின் அந்தக் கருவி எங்களிடமும் இருந்தது. ஆனால் அது பெரியவர்களின் விரலுக்கான கிளிப். ஏழு மாதக் குழந்தையின் விரல் அதற்குள் கிடந்து ஆடும், எண் நிற்காமல் ஓடும். பாதத்தில் சுற்றி ஒட்டும் குழந்தைகளுக்கான உணரி (புரோப்) வேண்டும். ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஐப்பசி நாளில் அது என்னிடம் இருந்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். எல்லா நிலையங்களுக்கும் ஒரே நேரத்தில் தர நிதி இல்லையென்றால், மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் மலை நிலையங்களிலிருந்து தொடங்குங்கள்.

செவிலியர்களின் வேலைச்சுமையை நான் மறக்கவில்லை. பதிவேடுகளும் செயலிகளும் போதும் போதும் என்ற நிலையில்தான் என் தங்கைகள் இன்றும் வேலை பார்க்கிறார்கள். அதனால் புதிய பதிவேடு எதையும் நான் கேட்கவில்லை, இருப்பதில் கட்டங்களைத்தான் கேட்கிறேன். மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆளில்லை என்றால், 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களுக்கு மூச்சு எண்ணவும் அபாய அறிகுறி பார்க்கவும் பயிற்சி கொடுங்கள். அந்த வீட்டுத் திண்ணையை அவர்கள் எப்படியும் கடந்துதான் போகிறார்கள். இப்படிச் செய்தால் தேவையில்லாமல் சில குழந்தைகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பப்படுவார்கள் என்பதும் உண்மை. அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. மருத்துவர் பார்த்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிய குழந்தைக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

மேலே சொன்ன கட்டங்களோடு பதிவேட்டின் மாதிரிப் பக்கம் ஒன்றை நானே கோடு போட்டுத் தயாரித்து வைத்திருக்கிறேன். களத்தில் இருக்கும் செவிலியர்கள் சிலரிடம் காட்டி, எந்தக் கட்டத்தை நிரப்ப நேரமாகிறது என்று கேட்டுத் திருத்தியும் இருக்கிறேன். ஒரு குழந்தைக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகிறது. இந்த மழைக்காலம் தொடங்குமுன் அழைத்தால், அந்தப் பக்கத்தையும் நாடாவையும் எடுத்துக்கொண்டு, எந்த அலுவலகத்துக்கு எந்த நாளில் வரச் சொன்னாலும் வருகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பகுதி சுகாதார செவிலியர் ஒருவர்